வராத மூன்று நாளுக்கு நான் எழுதிய நேரங்கள்

அனுப்புநர்
பொறுப்பாளர்,
பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் (பதிவு எண் 212),
பேருந்துப் பணிமனைக்குப் பின்தெரு.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
குழந்தைகள் பராமரிப்பு உதவித்தொகைப் பிரிவு.

பொருள்: வருகைப் பதிவேட்டில் பொய்யான நேரங்களை எழுதியது – விசாரணையில் பொய் கூறியது – அதனால் தவறு செய்யாத தாயார் ஒருவரின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது – இவை குறித்து என் மீது நானே புகார் அளிப்பதும், அவருக்கு உதவித்தொகையை உடனே மீண்டும் வழங்கக் கோருவதும் – தொடர்பாக.

பார்வை:
1. பயனாளர் எண் 19 மீது ஜூலை 22ஆம் தேதி தங்கள் அலுவலகத்தில் நடந்த விசாரணை.
2. அவருடைய உதவித்தொகையை ஓராண்டுக்கு நிறுத்தி ஜூலை 28ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட ஆணை.
3. அவ்விசாரணையில் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குமூலம். (இதை நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மனு.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் மனு என்றால் புகார் தருபவர் ஒருவரும் புகாருக்கு உள்ளானவர் ஒருவரும் வேண்டும். தங்கள் அலுவலகப் படிவத்தில் அவ்விருவருக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே முகவரியை எழுதிக்கொண்டு போனால், முன்மேசையில் இருப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயத்தில் வெள்ளைத்தாளில் எழுதுகிறேன். படிவம் பின்பற்றாததைப் பொறுத்தருள வேண்டும். விதிமுறைகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுபவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயரைப் பற்றித்தான் இனி எழுதப்போகிறேன்.

1. பதினான்கு ஆண்டுகளாக என் வீட்டின் முன்பகுதியில் இக்காப்பகத்தை நடத்தி வருகிறேன். பன்னிரண்டு குழந்தைகள். உதவிக்கு ஓர் ஆயாம்மா. முன்னறையில் குழந்தைகள் பை மாட்ட வரிசையாகப் பன்னிரண்டு கொக்கிகள், எழுத்துத் தெரியாத வயது என்பதால் ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம்: குடை, மீன், சாவி, வாளி என்று. கொக்கிகளுக்கு எதிர்ச்சுவரில், வருபவர் கண்ணில் முதலில் படும்படி, தங்கள் துறை எனக்கு அளித்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். 'பதிவேட்டுப் பராமரிப்பில் முதலிடம்' என்பது அதன் வாசகம். அதன் பக்கத்தில் ஒரு சுவர்க் கடிகாரம்.

2. பெற்றோருக்கான உதவித்தொகையைத் தாங்கள் நேரடியாகக் காப்பகத்துக்கே அனுப்புகிறீர்கள். அதற்கான விதி எளிமையானது. காலையில் குழந்தையை விடும்போதும் மாலையில் அழைத்துப் போகும்போதும் தாயோ தந்தையோ பதிவேட்டில் தம் கையாலேயே நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை அப்படித்தான் நடந்தது. காலை ஏழு மணிக்கும் ஏழேகாலுக்கும் இடையில் பன்னிரண்டு பேரும் வந்துவிடுவார்கள். ஒரே பதிவேடு, அதில் நூல் கட்டிய ஒரே பேனா. காலைக் கட்டிக்கொண்டு அழும் குழந்தையைப் பிய்த்து எடுத்து ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்று, நேரம் எழுதி, கையெழுத்திட்டு, ஏழு இருபது பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டும். ஒருநாள் தையற்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய் அந்த வரிசையால் பேருந்தை விட்டு, அரை நாள் சம்பளத்தையும் விட்டு, திரும்பி வந்து என் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்குத் தாங்கவில்லை. "இனிமே காலைல யாரும் கையெழுத்துக்காக நிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரம் முழுசுக்கும் சேத்துப் போட்டுக்கலாம்" என்று நானே அறிவித்தேன். எந்தப் பெற்றோரும் கேட்கவில்லை. நானே சொன்னேன் என்பதைத் தாங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

3. அதுமுதல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பன்னிரண்டு பேரும் குழந்தைகளுக்கான சின்ன நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, ஆளுக்குப் பத்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஆயாம்மா டீ போடுவார். "சினிமா நடிகை கூட இத்தன போட மாட்டா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரிக்க, அந்த அரை மணி நேரம் எங்கள் எல்லோருக்கும் பிடித்த நேரமாக இருந்தது. கருணையில் தொடங்கியது என்று முதலில் எழுதினேன். அடித்திருக்கிறேன். தொடங்கியபோது கருணை இருந்தது உண்மை. பிறகு அது என் வசதியாகிவிட்டது. காலையில் சத்தம் குறைந்தது, பக்கங்கள் அழகாக இருந்தன.

4. கையெழுத்தை அவர்கள் போடுவார்கள். நேரத்தை நான் எழுதுவேன். சனிக்கிழமை காலையில் சமையலறை மேசையில் பதிவேட்டை விரித்து வைத்து, அந்த வாரத்தின் நூற்று இருபது நேரங்களையும் ஒரே உட்காரலில் எழுதி முடிப்பேன். தங்கள் துறை நடத்திய பயிற்சி வகுப்பில், 7.00, 7.15 என்று முழு எண்களாகவே இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று ஆய்வாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். நேர்மையாக இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்த வகுப்பு அது. நான் அதில் கற்றுக்கொண்டது 7.04, 7.11, 7.08 என்று எழுத. ஒரே மை என்றால் தெரிந்துவிடும் என்று மூன்று நீலப் பேனாக்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். இலக்கங்களைச் சற்றுச் சாய்த்தும் நிமிர்த்தியும் எழுதினேன். கை கூசவில்லை ஐயா. சொல்லப்போனால் ஒரு கோலம் போட்டு முடித்த திருப்திதான் இருந்தது. அந்தப் பதிவேட்டுக்குத்தான் சான்றிதழ் கொடுத்தீர்கள்.

5. இனி, பயனாளர் எண் 19 பற்றி. இவர் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை பார்ப்பவர். கணவர் துணையில்லை. ஒரே பெண் குழந்தை, நான்கு வயது. தங்கள் கோப்பில் முறையான பெயர் இருக்கும், எங்களுக்கு அவள் பட்டாணி. உருண்டு உருண்டு ஓடுவாள், வைத்த இடத்தில் நிற்க மாட்டாள். குடைப்படக் கொக்கி அவளுடையது. மஞ்சள் கோப்பையில் கொடுத்தால்தான் பால் குடிப்பாள். வேறு எதில் கொடுத்தாலும், "இது என்னுது இல்ல" என்று நீதிபதி மாதிரி சொல்லித் திருப்பித் தந்துவிடுவாள்.

6. ஜூன் 9ஆம் தேதி திங்கட்கிழமை பட்டாணி வந்தாள். அன்றிரவு வாந்தியும் காய்ச்சலுமாகி, செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மருத்துவமனையில் இருந்தாள். தாயாருக்கு அதற்கு மேல் விடுப்பு இல்லாததால் வெள்ளிக்கிழமை காலை காப்பகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்று மாலை வழக்கம்போல் எல்லோரும் உட்கார்ந்து பத்துப் பத்தாகக் கையெழுத்திட்டபோது, மூன்று நாள் தூங்காத அந்தப் பெண்ணும் பக்கத்தை இழுத்து மேலிருந்து கீழாகப் பத்துப் போட்டுவிட்டார். பதிவேட்டை விரித்து அவர் முன்னால் வைத்தது நான். அதில் அந்த மூன்று நாளைக் கோடிட்டு ஒதுக்கி வைக்காததும் நான்.

7. இதைத் தவறுதல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அடுத்த நாள் சனிக்கிழமை நடந்ததை எழுதாமல் இம்மனுவை அனுப்பினால் இதுவும் இன்னொரு பதிவேடாகிவிடும். சமையலறை மேசையில் 19ஆம் எண்ணுக்கு வந்தேன். கை தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. செவ்வாய் வருகை 7.08, புறப்பாடு 5.41. புதன் வருகை 7.03, புறப்பாடு 5.38. வியாழன் எழுதி முடித்தபோதுதான் உறைத்தது. புதன்கிழமை பிற்பகல் நானே மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மஞ்சள் கோப்பையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஊசி ஏற்றிய கையை அசைக்காமல், மற்றக் கையால் அவள் அந்தக் கோப்பையைப் பிடித்து இரண்டு வாய் கஞ்சித் தண்ணீர் குடித்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த நாளில் அவள் 5.38 வரை என் காப்பகத்தில் விளையாடிக்கொண்டிருந்ததாக என் கை எழுதியிருக்கிறது.

8. திருத்தியிருக்கலாம். ஒரு கோடு அடித்து, 'நோய்' என்று இரண்டு எழுத்து எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டால் போதும். தங்கள் விதிப்படி, காரணம் குறிக்கப்பட்டால் நோயால் வராத நாள்கள் காலாண்டுக்குப் பத்து வரை வருகையாகவே கருதப்படும். அந்த மூன்று நாள் உதவித்தொகையும் நேர்வழியிலேயே வந்திருக்கும். ஆகவே பணத்துக்காக இதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு இடமில்லை. மூன்று ஆண்டுகளாக அந்தப் பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. ஒரு பக்கம் அசிங்கமாகிவிடுமே என்று பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன். காரணம் இவ்வளவுதான்.

9. மருத்துவச் செலவுக்காகத் தாயார் வேறொரு அலுவலகத்தில் உதவி கேட்டு, மருத்துவமனைச் சீட்டை நேர்மையாகக் கொடுத்திருந்தார். அது தங்கள் அலுவலகத்துக்கு வந்து, என் அழகான பக்கத்தோடு மோதியது. ஜூலை 22ஆம் தேதி இருவரையும் அழைத்தீர்கள். ஒரே பேருந்தில்தான் போனோம். எனக்கும் சேர்த்து அவரே பயணச்சீட்டு எடுத்தார். "ஒண்ணுமில்லக்கா, வெள்ளிக்கிழமை வழக்கத்தச் சொல்லிட்டா தீந்துபோச்சு. நீங்க சொன்னா நம்புவாங்க" என்று எனக்கு அவர்தான் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார்.

10. விசாரணை செய்த அலுவலர் மரியாதையாகவே நடந்துகொண்டார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கையெழுத்துத் தினமும் வாங்கப்படுகிறதா என்று முதலில் என்னிடம்தான் கேட்டார். மேசையில் என் பதிவேடு திறந்திருந்தது. "இவ்வளவு சுத்தமா யாரும் வெச்சிருக்க மாட்டாங்கம்மா" என்று வேறு சொன்னார். உண்மையைச் சொன்னால் உரிமம் போய்விடும், சான்றிதழ் போய்விடும், தெருவில் தலை காட்ட முடியாது என்று எல்லாம் ஒரே நொடியில் ஓடியது. "தினமும் வாசல்லயே வாங்கிடுவேன் சார்" என்றேன். அப்படியானால் வராத நாளுக்குக் கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் என் வாக்குமூலத்தில் இருக்கிறது. மறுபடி எழுத வேண்டியது என் தண்டனை என்பதால் எழுதுகிறேன்: "புக்கு மேசைமேலதான் கெடக்கும் சார். நான் சமையக்கட்டுல இருக்கும்போது அவங்களா வந்து எழுதியிருக்கலாம்."

11. தாயார் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நேரத்தையும் நீங்கள்தான் எழுதினீர்களா என்று அலுவலர் அவரிடம் கேட்டார். தாயார் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர், "அவசரத்துல போட்டிருப்பேன் சார்" என்றார். அலுவலர் 'பயனாளர் ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். அந்த மூன்று நாளின் நேரங்களும் மற்றப் பதினொரு குழந்தைகளின் நேரங்களும் ஒரே கையால் எழுதப்பட்டவை. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் என் ஏழும் என் நான்கும் காட்டிக்கொடுக்கும். பதிவேட்டைத் தங்கள் கையில் எடுத்து ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். திரும்பி வரும்போது பேருந்தில் இடம் இருந்தும் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

12. ஆணையின் விளைவுகளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். உதவித்தொகை ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஓராண்டுக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. பொய்யான உரிமை கோரியவர்கள் பட்டியலில் அவர் சேர்க்கப்பட்டிருக்கிறார். மூன்று நாள் தொகையை அவர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றும் ஆணையில் இருக்கிறது. அந்தத் தொகை வந்தது என் கணக்குக்கு. அதில் ஒரு காசும் அவர் கண்ணால் கண்டதில்லை. எனக்கு வந்த நகல் ஆணையில், 'காப்பகப் பொறுப்பாளரின் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது' என்று ஒரு வரி இருக்கிறது. அதை என் கணவர் சத்தமாகப் படித்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

13. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீயாப் போய் ஏன் மாட்டிக்கிற? ஒரு வருஷந்தானே, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும். அந்தப் புள்ளைய நாம சும்மாவே பாத்துக்குவோம், அவ்ளோதானே" என்றார். நல்ல மனிதர், என் மேல் உள்ள அக்கறையில் சொன்னார். எனக்கும் அது வசதியாகப்பட்டது. கட்டணமே வாங்காமல் பட்டாணியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பாவம் தொலைந்துவிடும் என்று நினைத்து, ஆகஸ்ட் 6ஆம் தேதி காப்பகத்தை மூடியதும் மஞ்சள் கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

14. மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. கதவைத் திறந்தவர் என்னை உள்ளே அழைக்கவில்லை. வெளியே நிற்கவும் விடவில்லை, விலகி நின்றார். நான் உட்காராமல் நின்றுகொண்டே என் தாராள மனதை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு சொன்னதை அவர் வாய்மொழியாகவே தருகிறேன். "வேணாங்கா. அங்க வந்தா கையெழுத்துப் போடணும்." வேறொன்றும் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். நான் திரும்பும்போது சொன்னார்: "உங்கள மாட்டிவிடக் கூடாதுன்னு நான் ஒத்துக்கிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அவ்ளோ பெரிய மனசெல்லாம் எனக்குக் கெடையாது. நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். கடைசி வரைக்கும் பாத்தேன். அப்புறம் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

15. பட்டாணி பாயிலிருந்து எழுந்து வந்து, கோப்பையை வாங்கி, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். "என் கொக்கியில யாரு பை மாட்டிருக்கா?" என்று கேட்டாள். யாரும் மாட்டவில்லை என்றேன். விசாரணை நாளிலிருந்து அதுவரை அந்தக் குடும்பத்திடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். கோப்பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

16. இப்போது அந்தக் குழந்தை பகலில் எங்கே இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். வேலைக்குப் போகும் தாயாருடன் விடுதியின் சலவைப் பிரிவில் இருக்கிறாள். நான் மறுநாள் அங்கே போய்ப் பார்த்தேன். நீராவி, வழுக்கும் தரை, விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளை இயந்திரம் இரண்டு. அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டையின் மேல் அவளை உட்கார வைத்து, இறங்கினால் அடி விழும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வைத்த இடத்தில் நிற்காத பட்டாணி அங்கே இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வையாளர் இரக்கப்பட்டு இம்மாதம் 16ஆம் தேதி வரை அனுமதித்திருக்கிறார். "அதுக்கு மேல என்னால முடியாதும்மா, ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்" என்று என்னிடமே சொன்னார். 16ஆம் தேதிக்குப் பிறகு குழந்தையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது வழி கிடையாது. இன்று தேதி 11.

17. பத்தி 2-ல் எழுத வேண்டிய ஒன்றை இங்கே எழுதுகிறேன். காலை வரிசையைச் சமாளிக்க முடியாததால்தான் இப்படி ஆனது என்று தங்கள் விதியின் மேல் பழியைப் போட முதலில் எண்ணியிருந்தேன். சென்ற வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஓர் அட்டை வெட்டி, அவரவர் குழந்தையின் கொக்கியிலேயே ஒரு பேனாவோடு கட்டித் தொங்கவிட்டேன். பையை மாட்டும்போதே நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டுவிடலாம், வரிசையே வேண்டாம். ஒரு மணி நேர வேலை. மூன்று ஆண்டுகளில் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை, நூற்று இருபது நேரங்களைக் கற்பனை செய்ய மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கிடைத்தது. பன்னிரண்டாவது அட்டையைக் குடைப்படக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். அது வெறுமையாக இருக்கிறது.

18. அட்டைகளை மாட்டிய அன்று, பெற்றோர் நேரம் பார்ப்பதற்காகச் சுவர்க் கடிகாரத்தைக் கவனித்தேன். ஒன்பது நாற்பதில் நின்றிருந்தது. எப்போதிலிருந்து என்று ஆயாம்மாவிடம் கேட்டேன். "அது நின்னு மாசக்கணக்கு ஆச்சே, நீங்க பாக்கலியா?" என்றார். பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை. அதன் பக்கத்தில் மாட்டியிருந்த சான்றிதழை மட்டும் தினமும் துடைத்திருக்கிறேன். அன்றே பெற்றோர் பதினொரு பேரையும் உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னேன். சிலர் தரையைப் பார்த்தார்கள். தையற்கூடத்துத் தாய் மட்டும், "அப்போ எங்க கையெழுத்தும் பொய்தானே?" என்று கேட்டார். இல்லை, உங்கள் கையெழுத்து உண்மை, அதைச் சுற்றி நான் எழுதியதுதான் பொய் என்றேன். இதைத் தாங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மன்றாடுகிறேன். நான் சொன்னதால்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள். இம்மனு எழுதுவதை அறிந்த ஆயாம்மா, "எழுதுறதுதான் எழுதுறீங்க, என்னையும் சேத்து எழுதுங்க, டீ போட்டது நான்தானே" என்றார். அவர் விருப்பத்துக்காகப் பதிவு செய்கிறேன். டீ போட்டது அவர். மற்ற எல்லாம் நான்.

19. ஆகவே தங்களைப் பணிந்து வேண்டுவது:

முதலாவதாக, பயனாளர் எண் 19 மீதான ஆணையை ரத்து செய்து, ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்தே உதவித்தொகையை வழங்கி, அவரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். இதை 16ஆம் தேதிக்குள் செய்ய வேண்டும். அலுவலக நடைமுறைக்கு ஐந்து நாள் போதாது என்பது எனக்குத் தெரியும். என் வாக்குமூலத்தை நம்பி அவரைத் தண்டிக்க ஆறு நாள் போதுமானதாக இருந்தது என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன். உதவித்தொகையை வேறொரு காப்பகத்துக்கு மாற்றித் தர அவர் விரும்பினால் மாற்றித் தாருங்கள். பணிமனைக்கு எதிர்த்தெருவில் ஒன்று இருக்கிறது, அதன் பொறுப்பாளரிடம் பேசி ஓர் இடம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் அவர் திரும்பி வர வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

அடுத்து, மூன்று நாள் தொகையை அவரிடம் கேட்காமல் என்னிடம் வசூலிக்க வேண்டும். மூன்று ஆண்டுப் பதிவேடுகளையும் ஒப்படைக்கிறேன். வேறெதையும் திருப்பித் தர வேண்டியிருந்தால் அதையும் தருகிறேன்.

என் மீது விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். உரிமத்தை ரத்து செய்வதானால், மற்றப் பதினொரு குழந்தைகளுக்கும் இடம் கிடைக்கும் வரையில் மட்டும், தங்கள் ஆள் ஒருவரின் கண்காணிப்பில் நடத்த அனுமதிக்க வேண்டும். அவர்களின் தாய்மார்களுக்கும் ஏழு இருபது பேருந்து இருக்கிறது.

இன்னொன்று. ரத்து ஆணையை அவருக்கு அனுப்பும்போது, அதில் 'பயனாளர் பொய் கூறவில்லை' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். விதியில் அதற்கு இடமில்லாவிட்டாலும் சேர்க்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவள் அன்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

20. இம்மனுவில் நான்கு இடங்களில் அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் மை இழுத்திருக்கிறது. பழக்கதோஷத்தில் சுத்தமாக ஒரு நகல் எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரியில் நிறுத்திவிட்டேன். அடித்தலோடே அனுப்புகிறேன். பொறுத்தருள வேண்டும்.

இணைப்பு:
அ. வருகைப் பதிவேடுகள், மூன்று. ஜூன் மாதப் பக்கத்தில் 19ஆம் எண்ணுக்கு எதிரே அந்த மூன்று நாளையும் இன்று கோடிட்டு அடித்து, 'நோய்' என்று எழுதி, இன்றைய தேதியோடு சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். அடியில் இருப்பது தெரியும்படிதான் அடித்திருக்கிறேன்.
ஆ. நேரம் எழுதப் பயன்படுத்திய நீலப் பேனாக்கள், மூன்று.
இ. 'பதிவேட்டுப் பராமரிப்பில் முதலிடம்' சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துடன்.

தங்கள் உண்மையுள்ள என்று முடிப்பதுதான் முறை. அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. ஆகவே வெறுமனே,

இப்படிக்கு,
(கையெழுத்து)
காப்பகப் பொறுப்பாளர், பதிவு எண் 212.

இடம்: காப்பகத்தின் முன்னறை, குடைப்படக் கொக்கிக்கு எதிரே.
நாள்: ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை.
கையெழுத்திட்ட நேரம்: காலை 6.52. கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டு, பார்த்து எழுதியது.